பின்னல் குறிப்பும் சொற்செயலியும்: வாசிப்புக்கு ஏற்ற வடிவம் பற்றிய ஒரு விமர்சனம்

குரோஷே, ஊசிப்பின்னல் ஆகிய கைவினைகளில் ஒரு பொருளை எப்படிச் செய்வது என்று வரிசை வரிசையாகச் சொல்லும் எழுத்து வடிவமே பின்னல் குறிப்பு. ஆங்கிலம் அறிந்தவர்கள் இதைப் ‘பேட்டர்ன்’ என்பார்கள். ஒரு தொப்பிக்கு இரண்டு பக்கம் போதும். ஐந்து அளவுகளில் எழுதப்பட்ட ஒரு ஸ்வெட்டருக்கு இருபது பக்கம் கூட ஆகலாம். இன்று இவை பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாகவே விற்கப்படுகின்றன. வாங்கியவர்களில் பலர் அதை அப்படியே பயன்படுத்துவதில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போன்ற சொற்செயலிகளில் ஏற்றி, தங்கள் கண்ணுக்கும் கைக்கும் ஏற்ப மாற்றி அமைத்துக்கொள்கிறார்கள்.

இப்படி மாற்றுவதற்கு இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் எழுத்தைப் பெரிதாக்கு, வண்ணம் கொடு, கோடு போடு என்ற அளவில் நின்றுவிடுகின்றன. குறிப்பு வாசிக்கக் கடினமாக இருப்பதற்கான காரணம் எழுத்தின் அளவைவிட ஆழத்தில் இருக்கிறது. அதை அறியாமல் செய்யும் மாற்றம் சில சமயம் குறிப்பையே கெடுத்துவிடுகிறது. பல வார உழைப்பும் நூலுக்குக் கொடுத்த பணமும் வீணாகும் இடம் இது. ஆகவே இதைச் சற்று விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது.

சுருக்கம் எங்கிருந்து வந்தது?

எடின்பரோவைச் சேர்ந்த ஜேன் காகைன் 1840-இல் வெளியிட்ட பின்னல் நூலில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சுருக்க எழுத்து வைத்து எழுதினார். அச்சில் வந்த தொடக்ககாலப் பின்னல் நூல்களில் அது முக்கியமான ஒன்று. தாளும் அச்சுக்கோப்பும் விலை கூடியவை. ஒரே செயலை நூறு முறை முழுச் சொல்லில் எழுதினால் புத்தகம் தாங்காது. எனவே சுருக்கெழுத்து வந்தது. திரும்பத் திரும்ப வரும் பகுதியை இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே வைக்கும் வழக்கம் நிலைத்தது. பல அளவுகளை அடைப்புக்குறிக்குள் அடுக்கும் வழக்கமும் அப்படியே நிலைத்தது. அமெரிக்காவில் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் என்ற அமைப்பு இத்தகைய சுருக்கங்களுக்கு ஒரு பொதுப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது.

சுருக்கம் நமக்கும் புதிதல்ல. ‘15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8-இல் நிறுத்தவும்’ என்று கோலப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தால், அதற்குள் பதினைந்து வரிசைப் புள்ளிகள் அடங்கியிருக்கின்றன. நடுவில் 15, இரு பக்கமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8 வரை. கோலம் போடத் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் கோலப் புத்தகம் அந்த வரியோடு நிற்பதில்லை, பக்கத்திலேயே படமும் இருக்கும். புள்ளிக்கு எண், கோட்டுக்குப் படம் என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறது. எழுத்தாலான பின்னல் குறிப்போ முழுப் பாரத்தையும் எழுத்தின் மேலேயே ஏற்றுகிறது.

அச்சுக்காலத்தின் தாள் சிக்கனம் இன்று தேவையில்லை. கணினித் திரையில் வரிக்குப் பஞ்சம் இல்லை. ஆனாலும் குறிப்புகள் இன்றும் பெரும்பாலும் பழைய சிக்கன வடிவத்திலேயே வருகின்றன. சொற்செயலியைக் கையில் எடுக்கும் வாசகர் உண்மையில் இந்தப் பழைய வடிவத்தோடுதான் மோதுகிறார்.

காணாமல் போகும் நட்சத்திரம்

குரோஷேயில் பொம்மை பின்னுவோர் நன்கு அறிந்த ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் குரோஷேயை ‘ஒ.கு.’ என்று சுருக்கினால் அது இப்படி இருக்கும்:

சுற்று 5: *அடுத்த 3 கண்ணிகளில் ஒ.கு., அடுத்த கண்ணியில் கூட்டு* 6 முறை (30)

முந்தைய சுற்றில் 24 கண்ணிகள் இருக்கின்றன. நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள பகுதி நான்கு கண்ணிகளை எடுத்துக்கொண்டு ஐந்தைத் தருகிறது. ஆறு முறை செய்தால் 24 தீர்ந்து 30 கிடைக்கும். வரி கணக்காக இருக்கிறது.

சொற்செயலிகளில் ஒரு தானியங்கி வசதி உண்டு. இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே ஒட்டித் தட்டச்சு செய்த சொற்களைத் தடித்த எழுத்தாக மாற்றி, நட்சத்திரங்களை நீக்கிவிடும். அந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தால் மேலே உள்ள வரியைத் தட்டச்சு செய்து முடிக்கும்போது குறிகள் இரண்டும் மறைந்துவிடும். மிஞ்சுவது ‘அடுத்த 3 கண்ணிகளில் ஒ.கு., அடுத்த கண்ணியில் கூட்டு 6 முறை’ என்பதுதான். தடித்த எழுத்து ஏதோ அழுத்தத்துக்காக இருப்பது போல் தோன்றும். புதிதாகக் கற்பவர் இதை எப்படி வாசிப்பார்? மூன்று ஒற்றைக் குரோஷே, பிறகு தொடர்ந்து ஆறு முறை கூட்டு. ஒன்பது கண்ணிகளிலேயே வரி முடிந்துவிடும், 15 கண்ணிகள்தான் கிடைக்கும். வட்டமாக வளர வேண்டிய துணி ஒரு பக்கமாகச் சுருண்டு நிற்கும்.

இது ஒன்று மட்டுமல்ல. வரியின் தொடக்கத்தில் ‘1.’ என்று எழுதினால் தானியங்கி எண்ணிடல் தொடங்கிவிடும். பிறகு நடுவில் ஒரு வரியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களும் மாறிவிடும். ‘வரிசைகள் 5 முதல் 12 வரை’ என்று ஒரே வரியில் எட்டு வரிசைகளைச் சொல்லும் குறிப்பில் இது பெருங்குழப்பம். சொற்செயலி கடிதமும் அறிக்கையும் எழுதுவதற்காக உருவான கருவி. பின்னல் குறிப்பில் ஒவ்வொரு குறியும் ஒரு கட்டளை என்பது அதற்குத் தெரியாது. ஆகவே குறிப்பைத் தொடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதல்ல, தானியங்கித் திருத்தங்களை நிறுத்துவது. வரிசை எண்ணைக் கையால் தட்டச்சு செய்வதே நல்லது.

மூலக்கோப்பைத் தொடாமல் ஒரு படியில் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்பதும் இதனால்தான். வேர்டு 2013 முதல் பிடிஎஃப் கோப்புகளை நேரடியாகத் திறந்து திருத்த முடிகிறது. ஆனால் இரண்டு பத்திகளாக அமைந்த பக்கங்களில் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடலாம். சிறப்பு எழுத்துருவில் அமைந்த குறியீடுகள் வெறும் எழுத்துகளாக மாறிவிடலாம். மாற்றிய படியை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடாமல் ஊசியை எடுக்கக் கூடாது.

அடைப்புக்குறிக்குள் ஐந்து உடல்கள்

ஸ்வெட்டர் குறிப்புகளில் ‘72 (78, 84, 90, 96) கண்ணிகள் போடவும்’ என்பது போன்ற வரிகள் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஐந்து அளவுகளுக்கான எண்கள் இவை. மூன்றாம் அளவைப் பின்னுபவருக்கு வேண்டியது 84. அது அடைப்புக்குறிக்குள் இரண்டாவதாக இருக்கிறது. மூன்றாம் அளவு, ஆனால் இரண்டாம் இடம். இந்தச் சிறு முரண்பாடு எத்தனையோ கைகளைத் தவறச் செய்யும். ஒரே வரியில் இப்படி மூன்று பட்டியல்கள் வந்தால் கண் தடுமாறாமல் இருக்க முடியாது.

வழக்கமான ஆலோசனை, வேண்டிய எண்ணுக்கு மஞ்சள் பூசு என்பது. அது உதவும், ஆனால் பாதியளவே உதவும். வேண்டாத நான்கு எண்களும் அங்கேயே இருந்து கண்ணை இழுத்துக்கொண்டிருக்கும். படிக்கும் படியில் மற்ற எண்களை நீக்கிவிட்டு ‘84 கண்ணிகள் போடவும்’ என்று மட்டும் வைத்துக்கொள்வதே சிறந்தது. இதைக் கண்டுபிடித்து மாற்றும் கட்டளையால் ஒரேயடியாகச் செய்ய முயல்வது ஆபத்து. சில இடங்களில் ஒரே எண் எல்லா அளவுகளுக்கும் பொதுவாக அடைப்பின்றி இருக்கும். சில அடைப்புகளுக்குள் அளவுகளே இருக்காது, வரிசை முடிவின் கண்ணிக் கணக்கு இருக்கும். இயந்திரம் இவற்றைப் பிரித்தறியாது. கையால் செய்தால் ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்தில் குறிப்பு முழுவதையும் ஒருமுறை கவனமாக வாசித்து முடித்திருப்போம் என்பது கூடுதல் பயன்.

‘அதே சமயத்தில்’

பின்னல் குறிப்புகளில் மிகவும் அஞ்சப்படும் சொற்றொடர் இது. ஒரு மேலாடையின் முன்பகுதியில் கைத்துளைக்காக ஓரத்தில் கண்ணி குறைக்க வேண்டும். அதே சமயத்தில் கழுத்துக்காக இன்னொரு ஓரத்திலும் குறைக்க வேண்டும். குறிப்பு முதலில் கைத்துளையை முழுவதுமாக விளக்கும். அதை முடித்த பிறகு, ‘அதே சமயத்தில் கழுத்து ஓரத்தில் ஒவ்வொரு நான்காம் வரிசையிலும் குறைக்கவும்’ என்று சொல்லும். வரியை வரியாகப் பின்பற்றியவர் அதைப் படிக்கும்போது பத்து வரிசைகள் கடந்திருப்பார். பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எழுத்து ஒன்றன் பின் ஒன்றாகச் செல்லும். பின்னலில் இரண்டு செயல்கள் ஒரே வரிசையில் நிகழும். இந்த முரண்பாட்டைச் சொற்செயலியின் அட்டவணை தீர்த்துவைக்கிறது. கைத்துளை ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக 6 முறை, கழுத்து ஓரத்தில் நான்கு வரிசைக்கு ஒருமுறையாக 12 முறை குறைக்க வேண்டும், இரண்டும் ஒரே வரிசையில் தொடங்க வேண்டும் என்று கொள்வோம். வரிசை எண், கைத்துளை, கழுத்து, மீதிக் கண்ணி என நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை போட்டால் கணக்கு தானே வெளிப்படும். வரிசைகள் 1, 5, 9 ஆகியவற்றில் இரண்டு ஓரத்திலும் குறைப்பு. 3, 7, 11 ஆகியவற்றில் கைத்துளையில் மட்டும். 13 முதல் 45 வரை நான்கு வரிசைக்கு ஒருமுறை கழுத்தில் மட்டும். குழப்பமான ஒரு பத்தி நிதானமான ஒரு பட்டியலாகிவிடுகிறது.

இத்தகைய அட்டவணைக்கு மூன்று சிறு அமைப்புகள் போதும். தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் மீண்டும் வருமாறு செய்ய வேண்டும். ஒரு கட்டம் இரண்டு பக்கங்களுக்கு உடைந்து செல்லாதபடி தடுக்க வேண்டும். கடைசியில் ஒரு பத்தியை வெறுமையாக விட்டு, முடித்த வரிசைக்கு எதிரே குறியிட வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணிக் கணக்கு வரியின் வாலில் அடைப்புக்குள் ஒளிந்திராமல் தனிப் பத்தியில் நேராக நிற்பதால், தவறு நடந்த வரிசையிலேயே அது தெரிந்துவிடும். ஒரு குறிப்பைச் சொற்செயலியில் மாற்றி அமைப்பதன் மிகப்பெரிய நன்மை இதுதான் என்று சொல்லலாம்.

மாற்றும் கட்டளையின் வரிசைமுறை

அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே குரோஷேக் கண்ணிக்கு வெவ்வேறு பெயர் வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ‘சிங்கிள்’ பிரிட்டனில் ‘டபுள்’. அமெரிக்காவின் ‘டபுள்’ பிரிட்டனில் ‘ட்ரெபிள்’. அமெரிக்காவின் ‘ட்ரெபிள்’ பிரிட்டனில் ‘டபுள் ட்ரெபிள்’. பழகிய முறைக்குக் குறிப்பை மாற்றிக்கொள்ள விரும்புபவர்கள் கண்டுபிடித்து மாற்றும் வசதியை நாடுவது இயல்பு.

அமெரிக்கக் குறிப்பைப் பிரிட்டன் முறைக்கு மாற்றும்போது முதலில் ‘சிங்கிள்’ அனைத்தையும் ‘டபுள்’ ஆக்கினால், புதிதாக வந்த ‘டபுள்’களும் ஏற்கெனவே இருந்த ‘டபுள்’களும் கலந்துவிடும். அடுத்த கட்டளை இரண்டையும் சேர்த்து ‘ட்ரெபிள்’ ஆக்கும். அதற்கடுத்த கட்டளை எல்லாவற்றையும் ‘டபுள் ட்ரெபிள்’ ஆக்கிவிடும். குட்டையான கண்ணிகளும் நெட்டையான கண்ணிகளும் ஒன்றாகிப் போர்வை வலையாகிவிடும். உயரமான கண்ணியிலிருந்து தொடங்கிக் கீழிறங்கி வர வேண்டும். முதலில் ‘ட்ரெபிள்’, பிறகு ‘டபுள்’, கடைசியில் ‘சிங்கிள்’. பிரிட்டன் குறிப்பை அமெரிக்க முறைக்கு மாற்றினால் இதற்கு நேர் எதிர் வரிசை.

சுருக்கங்களை விரிக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. ஆங்கிலக் குறிப்பில் ‘கே’ என்ற ஓரெழுத்துச் சுருக்கத்தைத் தேடினால் அந்த எழுத்து வரும் ஒவ்வொரு சொல்லும் அகப்படும். முழுச்சொல் மட்டும் என்று கட்டுப்படுத்தினால், எண்ணோடு ஒட்டி எழுதப்பட்டவை தப்பிவிடும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்து மாற்றுவதே பாதுகாப்பானது.

படமா, எழுத்தா?

இந்தச் சிக்கல்களுக்கெல்லாம் வரைபடமே தீர்வு என்போர் உண்டு. ஜப்பானில் பின்னல் குறியீடுகளுக்குத் தேசியத் தொழில் தரமே இருக்கிறது. அங்கே குறிப்புகள் பெரும்பாலும் படமாகவே வருவதால், ஜப்பானிய மொழி தெரியாதவர்களும் அவற்றைப் பின்பற்றிப் பின்னுகிறார்கள். அமெரிக்கரான பார்பரா வாக்கர் 1968-இல் வெளியிட்ட தன் முதல் பின்னல் தொகுப்பில் வரிசைகளை எழுத்தில் கொடுத்தார். 1972-இல் வந்த மூன்றாம் தொகுப்பில் வரைபடத்துக்கு மாறினார். ஒரே ஆசிரியரின் இந்த மாற்றம் படத்தின் வலிமைக்குச் சான்று.

ஆனால் படம் எல்லோருக்கும் உகந்தது அல்ல. தட்டைப் பின்னலில் வரைபடத்தைக் கீழிருந்து மேலாக, முன்பக்க வரிசையை வலமிருந்து இடமாக, பின்பக்க வரிசையை இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரே குறியீட்டுக்கு எதிர்ப்பொருள் வரும். பார்வைக் குறைபாடு உடையவர்களின் திரைவாசிப்பான் படத்தை வாசிக்காது. வரிசை வரிசையான எழுத்து அட்டவணையைக் கட்டம் கட்டமாக வாசித்துக் காட்டும். படமும் எழுத்தும் இரண்டும் தருவதுதான் வடிவமைப்பாளரின் கடமை. ஒன்று மட்டும் தந்துவிட்டு மற்றதை வாசகர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

எழுத்துருவும் வண்ணமும்

இவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் இரண்டாம் இடம். பிரிட்டனின் டிஸ்லெக்ஸியா சங்கம் 12 முதல் 14 புள்ளி அளவு, ஒன்றரை வரி இடைவெளி, இடப்பக்கம் மட்டும் சீரான வரி ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. அடிக்கோடு, சாய்வெழுத்து, முழுப் பெரிய எழுத்து ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. பின்னல் குறிப்புக்கு இவை அப்படியே பொருந்தும். வேர்டின் வாசிப்பு முறையில் ஒன்று, மூன்று அல்லது ஐந்து வரிகளை மட்டும் காட்டி மற்றவற்றை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. வரிசைக்கு ஒரு வரி என்று அமைத்த குறிப்புக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

வண்ணத்தை மட்டும் நம்பி எதையும் உணர்த்தக் கூடாது என்பது இணைய அணுகல்தன்மை விதிகளின் அடிப்படைகளில் ஒன்று. சிவப்பு என்றால் குறை, பச்சை என்றால் கூட்டு என்று பிரித்தால், அந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறிய முடியாதவருக்கும் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டவருக்கும் குறிப்பு ஊமையாகிவிடும். வண்ணத்தோடு சொல்லும் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது

தமிழில் குறிப்பு எழுதுபவர்களும் மொழிபெயர்த்து வைத்துக்கொள்பவர்களும் தனியாகச் சில சிக்கல்களைச் சந்திக்கிறார்கள். ஆங்கிலக் குறிப்பு முக்கியமான எச்சரிக்கையைப் பெரிய எழுத்துகளில் போடும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. எச்சரிக்கையைத் தனி வரியாகவோ தனிக் கட்டமாகவோ, செயலுக்கு முன்னால் வைக்க வேண்டும்.

அடுத்தது சுருக்கம். முதலெழுத்தை எடுத்துச் சுருக்கும் வழக்கத்தில் ‘கூட்டு’ என்பது ‘கூ’ ஆகும், ‘குறை’ என்பது ‘கு’ ஆகும். எதிரெதிரான இரண்டு கட்டளைகளைப் பிரிப்பது ஒரு நெடில் குறி மட்டுமே. மடியில் நூலும் ஒரு கை தூரத்தில் திரையுமாக இருப்பவருக்கு அது தெரியாது. ‘குரோஷே’யும் ‘கு’விலேயே தொடங்குகிறது. இந்த மூன்றில் கூட்டு, குறை ஆகிய இரண்டையும் எக்காரணம் கொண்டும் சுருக்காமல் முழுச் சொல்லாகவே எழுதுவது நல்லது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் அட்டவணையின் பத்திகளை அகலமாக வைத்து, பக்கத்தை வாக்கிலேயே அகலவாட்டமாகத் திருப்பிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விரித்துவிடலாமா?

இவ்வளவு சொன்ன பிறகு, சுருக்கமே தீமை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. முன்பு பார்த்த வட்டத்தின் கண்ணிக் கணக்கு 6, 12, 18, 24, 30, 36 என்று வளர்கிறது. ‘3 ஒ.கு., கூட்டு’ என்பதை ஆறு முறை என்று எழுதியிருப்பதைப் பார்த்தவர், அடுத்த சுற்றில் 4, அதற்கடுத்ததில் 5 என்று தானே கண்டுகொள்வார். சுற்றுக்கு ஆறு கூடுகிறது என்ற விதி அவர் மனத்தில் பதியும். அதையே இருபத்து நான்கு தனித்தனிக் கட்டளைகளாக விரித்துவிட்டால் தவறு குறையலாம், ஆனால் விதி மறைந்துவிடும். அடுத்த பொம்மைக்கும் அவர் குறிப்பையே நம்பியிருக்க வேண்டும்.

ஆகவே எதை விரிப்பது, எதைச் சுருக்கமாக விடுவது என்பது ஒவ்வொரு வாசகரும் எடுக்க வேண்டிய முடிவு. திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைச் சுருக்கமாகவே விடலாம். ஒழுங்கிலிருந்து விலகும் வரிசைகளையும், இரண்டு செயல்கள் சேரும் வரிசைகளையும் விரிக்க வேண்டும். இந்த முடிவை எடுப்பதற்கே குறிப்பைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உரிமை பற்றி ஒரு சொல்

பணம் கொடுத்து வாங்கிய குறிப்பைத் தன் பயன்பாட்டுக்காக மாற்றி அமைப்பது ஒன்று, மாற்றிய கோப்பைப் பிறருக்கு அனுப்புவது வேறொன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கு இடம் தருகிறது. அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்கான அனுமதியாகக் கொள்ள முடியாது. குறிப்பை எழுதியவருக்கு அதன் விற்பனையே கூலி.

மதிப்பீடு

சொற்செயலியில் குறிப்பை மாற்றி அமைக்கும் வழக்கத்தை வெறும் அழகுபடுத்தலாகப் பார்ப்பது குறைவான மதிப்பீடு. அது குறிப்பை எழுதியவர் செய்யாமல் விட்ட பதிப்பு வேலையை வாசகர் செய்து முடிப்பது. அந்த வேலை இவ்வளவு பேருக்குத் தேவைப்படுகிறது என்பதே இன்றைய குறிப்புகளின் மீதான விமர்சனம். வடிவமைப்பாளர்கள் அளவுக்கு ஒரு கோப்பு, செயல்கள் சேரும் இடத்தில் ஓர் அட்டவணை, படத்தோடு எழுத்து, பூட்டப்படாத ஒரு படி ஆகிய நான்கையும் தந்தால் வாசகரின் சுமை பெருமளவு குறையும். அதுவரை, தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதல் கண்ணி போடும் முன் குறிப்பைக் கடைசி வரி வரை வாசித்து அட்டவணையாக்கிக்கொள்வதே பின்னுபவருக்கு நல்ல வழி.